துறைமுக முனையம்: சங்கத்தின் பெயரில் என்ன எழுதிக் கொடுக்கலாம்?

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு,

தூத்துக்குடி வெளித் துறைமுகச் சரக்குப்பெட்டக (கன்டெய்னர்) முனையத்தைப் பற்றி, வெளியூரில் இருக்கும் நம் ஊர்ச் சங்கக் குழுவில் பேச்சு சூடாக ஓடுகிறது. பிள்ளைகளுக்கு உள்ளூரிலேயே வேலை கிடைக்கும் என்று மஸ்கட் அண்ணாச்சி எழுதியிருந்தார்கள். கடல்தொழில் என்னாகும் என்று பெங்களூர் மதினி கேட்டிருந்தார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய 7,056 கோடி ரூபாய்த் திட்டம் இது. வேண்டும், வேண்டாம் என்பதோடு நின்றுவிடாமல், எப்படிக் கட்ட வேண்டும், யார் கண்காணிப்பது என்று சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் எழுதி நாம் கேட்டாக வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை தோண்டுகிற மண். கப்பலுக்காக ஆழப்படுத்தினால் சேறு கலங்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் வான் தீவு முதலான சில, தூத்துக்குடிக்குக் கிட்டத்திலேயே இருக்கின்றன. பவளத்துக்கு வெளிச்சம் வேண்டும். மேலே சேறு படிந்தால் செத்துப்போகும். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததில் அலைக்குத் தடுப்பில்லாமல் வான் தீவு எவ்வளவு தேய்ந்தது என்பது ஊரில் பெரியவர்களுக்குத் தெரியும். அப்புறம் செயற்கைப் பாறைத் திட்டுகளைக் கடலில் இறக்கித்தான் அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

ஆகவே தோண்டும் இடத்தைச் சுற்றிச் சேற்றுத் தடுப்புத் திரை கட்ட வேண்டும். கலங்கல் குறித்த அளவைத் தாண்டினால் வேலையை நிறுத்த வேண்டும். அள்ளிய மண்ணை எங்கே கொட்டுவது என்பதை மீனவர்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். எந்தப் பாரில் (மீன் கூடும் கடலடிப் பாறைத் திட்டில்) என்ன மீன் கிடக்கும், கச்சான் காற்று அடிக்கும்போது நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதெல்லாம் வள்ளத்தில் போகிறவர்களுக்கு அத்துப்படி. திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க ஆய்வறிக்கையின் வரைபடத்தில் அந்தப் பார்கள் இடம்பெற வேண்டும். ஒரு சிக்கல் உண்டு: தன் பாரின் இடத்தை யாரும் லேசில் சொல்ல மாட்டார்கள், அது அவர்கள் சோறு. அதனால் புள்ளி வைத்துக் காட்டாமல், பெரிய வட்டமாகக் குறித்துக் கொடுக்கலாம்.

அடுத்தது கரை. இப்போதே துறைமுகத்தின் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களும் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளம். கரையோரம் நகரும் மணலைச் சுவர் மறித்தால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் அரிக்கும். அரிக்கிற ஊரில் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்சுவர்) போட்டால், அரிப்பு அடுத்த ஊருக்குத் தள்ளிப் போகிறது. வேலை தொடங்குவதற்கு முன்பே ஊர் ஊராகக் கரையை அளந்து, ஆண்டுதோறும் அளவை வெளியிட வேண்டும். சேர்ந்த மணலை அரிக்கிற பக்கம் கொண்டுபோய்ப் போடும் செலவு திட்டத்திலேயே இருக்க வேண்டும்.

லாரிப் புகைக்குச் சரக்கை ரயிலில் ஏற்றுவதும், நிற்கும் கப்பலுக்குக் கரையிலிருந்தே மின்சாரம் கொடுப்பதும் தெரிந்த வழிகள்தான். அதையும் ஒரு வரி சேர்த்துவிடலாம்.

2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, பொதுமக்கள் கருத்துக்கேட்புக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். எழுத்து மூலமும் கருத்துச் சொல்லலாம். அனுமதி கிடைத்த பின், நிபந்தனைகளைக் கடைப்பிடித்த விவரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கையாகத் தர வேண்டும். அதைப் படித்துச் சொல்வதுதான் நம்மைப் போல் வெளியூரில் இருப்பவர்களுக்கு ஏற்ற வேலை. அந்த அறிக்கைகள் ஆங்கிலத்தில், பக்கம் பக்கமாக இருக்கும். யாராவது படித்து, ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி ஊர்க்கமிட்டிக்கு அனுப்பினால், அங்கே இருப்பவர்கள் அதிகாரிகளிடம் சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

வேலைவாய்ப்பும் இதோடு சேர்ந்ததுதான். கிரேன் இயக்கவும் பெட்டகக் கணக்குப் பார்க்கவும் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே பயிற்சி கொடுக்க வேண்டும் என்று கேட்போம். இல்லாவிட்டால் அவர்களுக்குக் காவலாளி வேலைதான் மிஞ்சும். வளைகுடாத் துறைமுகங்களில் வேலை பார்க்கும் நம் அண்ணாச்சிமார் என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று எழுதுங்கள்.

கடிதத்தின் வரைவை நான் எழுதி இங்கே போடுகிறேன். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் பெயர் கொடுத்தால், பார்களைக் குறிக்கும் வேலையை அவர்களிடம் ஒப்படைக்கலாம்.