நல்ல வசூல் நாளில் ஆட்டோக்காரர் ஏன் சீக்கிரம் வீட்டுக்குப் போகிறார்?

வியாசர்பாடி மாணவி:

வணக்கம். பி.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நுண்பொருளியலில் உழைப்பின் அளிப்பு பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது. கூலி ஏறினால் கூடுதல் நேரம் வேலை செய்வார்கள், ரொம்ப ஏறிவிட்டால் வேலை நேரம் குறையத் தொடங்கும், அதாவது அளிப்புக் கோடு பின்னோக்கி வளையும், இதுவரை சரி. என் மாமா சென்னையில் ஆட்டோவை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார். முகூர்த்த நாள், மழை நாள் என்று சவாரிமேல் சவாரி வந்தால் மூன்று மணிக்கே வந்துவிடுவார், "இன்னிக்கு ஆயிரம் பார்த்தாச்சு" என்பார். சவாரியே இல்லாத நாளில் ராத்திரி பத்து, பதினொன்று வரை ஸ்டாண்டிலேயே கிடப்பார். காசு கொட்டும்போது கிளம்புவதும், காசு வராதபோது காத்துக் கிடப்பதும் தலைகீழாக இல்லையா? வகுப்பில் கேட்டதற்கு "அதுதான் பின்னோக்கி வளையும் கோடு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கென்னவோ அந்தப் பதில் ஒட்டவில்லை. தெரிந்தவர்கள் விளக்குங்களேன்.

பழைய வாத்தியார்:

ஒட்டாததற்குக் காரணம் இருக்கிறது. கூலி ஏறும்போது 'இப்போது ஓய்வெடுத்தால் காசு போகுமே' என்று கூடுதலாக உழைக்க வைப்பது பதிலீட்டு விளைவு, 'வசதி வந்துவிட்டதே' என்று ஓய்வெடுக்க வைப்பது வருமான விளைவு. கோடு பின்னோக்கி வளைவது வருமான விளைவு பதிலீட்டு விளைவை முந்தும்போது. அதாவது ஆள் மொத்தமாக வசதியாகிவிட்டார், இனி ஓய்வு எடுக்கலாம் என்று நினைக்கிறார். ஆனால் ஒரு முகூர்த்த நாளில் ஐந்நூறு ரூபாய் கூடுதலாக வந்ததால் உங்கள் மாமா பணக்காரராகிவிட்டாரா? ஆண்டு முழுக்கச் சம்பாதிப்பதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. அதனால் ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் உள்ள வித்தியாசத்தில் வருமான விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம், பதிலீட்டு விளைவுதான் பேச வேண்டும். பாடப்புத்தகப்படி அவர் முகூர்த்த நாளில் முதுகு ஒடிய ஓட்டிவிட்டு, மந்தமான நாளில் மதியமே வந்து தூங்க வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு நாள் மணிக்கு 200 ரூபாய் கிடைக்கிறது, இன்னொரு நாள் 100. ஆயிரம்தான் இலக்கு என்று வைத்தால் முதல் நாள் 5 மணி நேரம், இரண்டாம் நாள் 10 மணி நேரம், ஆக 15 மணி நேரத்துக்கு 2,000 ரூபாய். அதே 15 மணி நேரத்தை ஏழரை ஏழரையாகப் பிரித்து ஓட்டினாலே 2,250 வந்துவிடும். நல்ல நாளுக்கு இன்னும் கூட ஒதுக்கினால் இன்னும் ஏறும். உழைப்பு அதேதான்.

இதை நியூயார்க் டாக்ஸி ஓட்டுநர்களிடம் கேமரர், பாப்காக், லோவன்ஸ்டைன், தேலர் என்ற நான்கு பேர் ஆராய்ந்து 1997-இல் கட்டுரை வெளியிட்டார்கள் (இந்தத் தேலர்தான் 2017-இல் நோபல் வாங்கியவர்). அங்கே மீட்டர் கட்டணம் மாறாது, ஆனால் காலி ஓட்டம் குறைந்த நாளில் மணிக்கணக்கு வருமானம் கூடும். அப்படிப்பட்ட நாட்களில் ஓட்டுநர்கள் குறைந்த நேரமே ஓட்டினார்கள் என்று கண்டார்கள். ஒவ்வொரு நாளுக்கும் மனத்தில் ஓர் இலக்கு வைத்து, அது எட்டியதும் கிளம்பிவிடுகிறார்கள் என்பது அவர்கள் விளக்கம். அனுபவம் குறைந்தவர்களிடம் இந்தப் பழக்கம் அதிகம். உங்கள் மாமா கதை அப்படியே இருக்கிறது பாருங்கள்.

மூணு சக்கரம்:

வாத்தியார் சார் கணக்கு காகிதத்தில் அழகாக இருக்கிறது. மழையில் கிண்டி கத்திப்பாரா பக்கம் ஒரு மணி நேரம் நின்று பார்த்திருக்கிறீர்களா? சவாரி நிறைய இருக்கும், வண்டி நகராது. கேஸ் எரியும், பிரேக் நனையும், சுரங்கப்பாதையில் தண்ணீர் புகுந்தால் இன்ஜின் போச்சு, அந்த ஒரு செலவில் ஒரு வாரச் சம்பாத்தியம் போய்விடும். மழை நாள் "நல்ல நாள்" என்று யார் சொன்னது?

தங்கச்சி, இன்னொரு விஷயம். உன் மாமாவைத் தப்பாக நினைக்காதே. வாடகை வண்டி ஓட்டுகிறவன் தினம் வண்டி முதலாளிக்கு வாடகை கொடுக்க வேண்டும், கடனைத் தினத் தவணையாக வசூலிக்கும் தண்டல்காரர் சாயங்காலம் ஸ்டாண்டுக்கே வந்து நிற்பார், அது போக வீட்டுக்கு. இந்தத் தொகை சேராமல் வீட்டுக்குப் போக முடியாது, அதனால்தான் மந்தமான நாளில் பதினொரு மணி வரை கிடக்கிறோம், ஆசைப்பட்டு இல்லை. ஆயிரம் என்பது சும்மா வாயில் வந்த எண் என்றா நினைக்கிறாய்?

கணக்குப்புலி:

மழை விஷயத்தில் மூணு சக்கரம் அண்ணன் சொல்வதற்குத் தரவு ஆதாரமே இருக்கிறது. பிரின்ஸ்டனில் இருந்த ஹென்றி ஃபார்பர், 2009 முதல் 2013 வரை நியூயார்க் மஞ்சள் டாக்ஸிகளின் மீட்டரில் மின்னணு முறையில் பதிவான சவாரிகளை எடுத்து ஆராய்ந்தார். அந்தக் கட்டுரை 2015-இல் வந்தது. மழையில் டாக்ஸி கிடைக்காததற்குக் காரணம் ஓட்டுநர்கள் இலக்கை எட்டிவிட்டு ஓடிப்போவது இல்லை. மழையில் தேவை கூடினாலும் சாலை மந்தமாகிவிடுகிறது, அதனால் மணிக்கணக்கு வருமானம் பெரிதாக ஏறுவதில்லை, ஓட்டுவது மட்டும் எரிச்சலாக இருக்கிறது. அதனால் சிலர் வண்டியை எடுப்பதில்லை. வருமானம் உண்மையிலேயே கூடும் நேரத்தில் பெரும்பாலானோர் கூடுதலாகத்தான் ஓட்டுகிறார்கள், இதைக் கற்றுக்கொள்ளாதவர்கள் தொழிலை விட்டுப்போகவே வாய்ப்பு அதிகம் என்றும் சொல்கிறார்.

1997 கட்டுரையில் ஒரு கணக்குச் சிக்கலும் உண்டு. மணிக்கூலியை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அன்றைய வசூலை ஓட்டிய மணி நேரத்தால் வகுத்துத்தான். வேலை நேரத்தை யாராவது தவறுதலாகக் கூடுதலாக எழுதியிருந்தால், அதே தவறு கூலியைக் குறைத்துக் காட்டும். ஆக, நேரம் கூடினால் கூலி குறைகிறது என்ற தோற்றம் சும்மாவே வந்துவிடும். கட்டுரை ஆசிரியர்களுக்கும் இது தெரியும், சரிசெய்யும் முயற்சியும் செய்தார்கள், ஆனாலும் ஃபார்பர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் 2005-இலேயே வேறு சில ஓட்டுநர்களின் சவாரித் தாள்களை வைத்து, ஓட்டுவதை நிறுத்த வைப்பது சேர்ந்த காசைவிட ஓட்டிய நேரமும் களைப்பும்தான் என்று எழுதியிருந்தார். அதனால் வாத்தியார் சொன்ன முடிவைத் தேர்வில் எழுதினால் மார்க் கிடைக்கும், ஆனால் சண்டை இன்னும் தீரவில்லை என்பதையும் எழுதுங்கள்.

தண்டல் விஷயம் இன்னும் சுவாரசியம். மேற்குக் கென்யாவில் சைக்கிள் டாக்ஸி ஓட்டுபவர்களைத் தினம் குறிப்பு எழுத வைத்து துபா, ராபின்சன், சாவேத்ரா ஆராய்ந்தார்கள். அன்றைக்கு வீட்டில் ஒரு செலவு காத்திருந்தால், அன்று கூடுதல் நேரம் ஓட்டுகிறார்கள், அந்தத் தொகை வந்ததும் நிறுத்தும் வாய்ப்பு கூடுகிறது. அண்ணன் சொன்னது போலத்தான், எண் வாயிலிருந்து வருவதில்லை, வீட்டிலிருந்து வருகிறது.

வியாசர்பாடி மாணவி:

ரொம்ப நன்றி சார், அண்ணா. ஒரே ஒரு சந்தேகம். மாமாவிடம் கேட்டபோது "காலையிலேயே வாடகை 350 கட்டிட்டேன், அதை எடுக்காம எப்படி வர்றது" என்றார். முன்பே கட்டிய பணத்துக்கும் எப்போது நிறுத்துவது என்ற முடிவுக்கும் தொடர்பு இல்லை என்று மூழ்கிய செலவுப் பாடத்தில் படித்தேனே?

பழைய வாத்தியார்:

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். காலையில் கொடுத்த 350 சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனாலும் திரும்பாது, பத்து மணி வரை ஓட்டினாலும் திரும்பாது. ஆறு மணிக்கு அவர் பார்க்க வேண்டியது அடுத்த ஒரு மணி நேரத்தை மட்டும்தான்: அதில் வரும் சவாரிக் காசு, போகும் கேஸ், அந்த நேரத்தில் வீட்டில் இருந்தால் கிடைப்பது. இந்தக் கடைசி ஒன்றுதான் வாய்ப்புச் செலவு, எல்லோரும் மறப்பதும் அதைத்தான். ஆனால் வாடகைக்கு விடுபவர் ராத்திரி வந்து வாங்குகிறார், கொடுக்காவிட்டால் நாளைக்கு வண்டி கிடையாது என்றால் கதையே வேறு. அது இன்னும் மூழ்கவில்லை, சாயங்கால முடிவோடு ஒட்டியே இருக்கிறது. தண்டலும் அப்படித்தான், கட்டத் தவறினால் நாளைய கடன் கிடைக்காது. அதனால் மாமா எப்போது, யாருக்கு, எதைக் கட்டுகிறார் என்று முதலில் கேளுங்கள்.

கணக்குப்புலிக்கு ஒரு சேர்க்கை. சூரிச்சில் சைக்கிளில் கடிதமும் பார்சலும் கொண்டுபோகிற ஆட்களுக்கு நான்கு வாரங்களுக்குக் கமிஷனை 25 சதவீதம் ஏற்றிப் பார்த்தார்கள், ஃபேரும் கோயட்டும், 2007-இல் வெளிவந்தது. ஆட்கள் கூடுதல் ஷிப்டு எடுத்தார்கள், ஆனால் ஒவ்வொரு ஷிப்டிலும் உழைப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள். அதாவது "எத்தனை நாள் வருவது" என்ற கேள்விக்குப் பாடப்புத்தகப் பதில், "வந்த நாளில் எவ்வளவு இழுப்பது" என்பதற்கு இலக்குப் பதில். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம்.

மூணு சக்கரம்:

இலக்கு வைப்பதில் ஒரு நன்மையும் இருக்கிறது சார், அதை யாரும் சொல்லவில்லை. இலக்கே இல்லாமல் "நல்ல நாளில் நிறைய, மந்த நாளில் கொஞ்சம்" என்று ஆரம்பித்தால் எல்லா நாளும் மந்த நாளாகிவிடும், பன்னிரண்டு மணிக்கே டீக்கடையில் உட்கார்ந்திருப்போம். மேலே சூப்பர்வைசர் யாரும் கிடையாது, அந்த ஆயிரம்தான் எங்களுக்குச் சூப்பர்வைசர்.

அப்புறம் தங்கச்சி, சென்னையில் மீட்டர் கட்டணம் 2013-இல் அரசு வைத்தது, முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12. அதற்குப் பிறகு கேஸ் விலை எங்கே போயிற்று என்று உனக்கே தெரியும். அந்தக் கணக்கையும் உன் தாளில் போடு.

கணக்குப்புலி:

அண்ணா, அந்த சூப்பர்வைசர் விஷயத்தை 1997 கட்டுரையிலேயே ஒரு சாத்தியமாகச் சொல்லியிருக்கிறார்கள். மாணவிக்கு: தேர்வு என்றால் வருமான விளைவு, பதிலீட்டு விளைவு இரண்டையும் பிரித்து எழுதி, ஒரு நாள் மாற்றத்தில் முதலாவது ஏன் சிறியது என்று விளக்கினால் போதும். ஆய்வுக் கட்டுரை என்றால் மாமாவிடம் ஒரு நோட்டு கொடுத்து, சவாரி வாரியாக நேரமும் தொகையும் அன்றைய கட்ட வேண்டிய பாக்கியும் எழுதச் சொல்லுங்கள். நாள் மொத்தத்தை மட்டும் எழுத விடாதீர்கள், மேலே சொன்ன வகுத்தல் சிக்கலில் நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள்.