கூண்டில் மிரளும் முட்டைக்கோழிகள்: காரணம் இனமா, இருப்பிடமா?

நாமக்கல் பண்ணையாளர்:
வணக்கம். எங்கள் பண்ணையில் மூன்றடுக்குக் கூண்டுகளில் பிவி 300 என்ற வெள்ளை லெகார்ன் வழிவந்த முட்டைக்கோழிகளை வளர்க்கிறோம். அன்றாடம் தீவனம் போடுபவரைக் கண்டு அசையாத கோழிகள், தலையில் சிவப்புத் துண்டு கட்டிய புதியவர் ஒருவர் நடைபாதையில் நுழைந்ததும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பின்கம்பியில் மோதுகின்றன. மேல்தட்டில்தான் இது அதிகம். உறவினர் ஒருவர் ஆழ்கூளத்தில் (கூண்டின்றி, தரையில் உமி போன்ற கூளம் பரப்பிய கொட்டகையில்) வளர்க்கும் பழுப்பு முட்டைக் கோழிகளோ ஆளைச் சுற்றி வந்து செருப்பைக் கொத்துகின்றன. இந்த வேறுபாடு இனத்தால் வந்ததா, இடத்தால் வந்ததா? அடுத்த தொகுதியை ஆழ்கூளத்துக்கு மாற்றினால் மிரட்சி குறையுமா?

கால்நடை மருத்துவர்:
இனம், இருப்பிடம் ஆகிய இரண்டும் ஒருசேர மாறியிருப்பதால், இந்த ஒப்பீட்டை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. வெள்ளை லெகார்ன் வழிவந்த கோழிகள் ஒரே வகைக் கொட்டகையிலும் பழுப்புக் கோழிகளைவிட மனிதரிடமிருந்து அதிகம் விலகி ஓடுகின்றன என்பது உண்மைதான். ஆனால் ஓடாத கோழிக்கு அச்சமே இல்லை என்று கொள்ளக் கூடாது. கோழியை மல்லாத்திச் சில விநாடிகள் மெல்ல அழுத்திப் பிடித்துவிட்டுக் கையை எடுத்தால் அது விறைத்துக் கிடக்கும். எழுந்து நிற்க எவ்வளவு நேரம் எடுக்கிறதோ அவ்வளவு அச்சம் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். இந்தச் சோதனையில் பழுப்புக் கோழிகள் எப்போதும் முதலில் எழுந்துவிடுவதில்லை. மேல்தட்டுக் கோழிகள் கீழ்த்தட்டுக் கோழிகளைவிட நெடுநேரம் விறைத்துக் கிடப்பதை ஸ்காட்லாந்தின் பிரையன் ஜோன்ஸ் 1980-களிலேயே பதிவு செய்திருக்கிறார். கீழே இருப்பவை ஆள் நடமாட்டத்தை முழுதாகப் பார்த்துப் பழகுகின்றன, மேலே இருப்பவற்றுக்குத் திடீரென ஒரு தலை மட்டும் தெரிகிறது என்பது என் ஊகம்.

ஆழ்கூளப் பண்ணையாளர்:
மாற்றுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். கூண்டில் வளர்ந்த பருவக்கோழிகளை முட்டையிடும் தறுவாயில் கூளத்தில் இறக்கிவிட்டால் மிரட்சி கூடத்தான் செய்யும். கூண்டில் ஒரு கோழி மிரண்டால் அந்த அறையோடு நிற்கிறது. கூளத்தில் மிரட்சி கொட்டகை முழுவதும் பரவி, கோழிகள் மூலையில் குவிந்து, அடியில் சிக்கியவை மூச்சுமுட்டிச் சாகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் பழைய வகைக் கூண்டுகளைத் தடை செய்த பிறகு, கூண்டில்லா வளர்ப்புக்கு மாறிய பண்ணைகளைப் பெரிதும் வருத்தும் சிக்கல்களில் இதுவும் ஒன்று. குஞ்சுப்பருவத்திலிருந்தே கூளமும் தாழ்வான உட்காரும் கட்டைகளும் கொடுங்கள். வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு உடையில் உள்ளே நடக்கட்டும். கதவைத் தட்டிவிட்டு நுழையுங்கள். மூலைகளைக் கம்பிவலையால் வளைத்து மூடிவிடுங்கள்.

இனவிருத்தித் துறை மாணவர்:
இனத்தின் பங்கையும் குறைத்து மதிப்பிட முடியாது. சுவீடனின் லின்ஷாப்பிங் பல்கலைக்கழகத்தில், மனிதருக்குக் குறைவாக அஞ்சும் காட்டுக்கோழிகளையே தொடர்ந்து தேர்ந்தெடுத்தபோது, சில தலைமுறைகளிலேயே அச்சம் குறைந்தது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மியூர், அலகு வெட்டாத கோழிகளைக் கூட்டுக் கூண்டில் வைத்து, தனிக் கோழியின் முட்டை எண்ணிக்கையைப் பாராமல், குடும்பக் கூட்டமாக எவை நன்றாகப் பிழைத்து முட்டையிட்டன என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தார். 2-ஆம் தலைமுறையில் 68 சதவீதமாக இருந்த ஆண்டு இறப்பு 4-ஆம் தலைமுறையில் 8.8 சதவீதமாக இறங்கியது. அங்கே அளவிடப்பட்டது அச்சமன்று, உயிர் பிழைத்தல்தான். எனினும் பண்ணையாளருக்கு வேண்டியதும் அதுதானே. குஞ்சு வாங்கும்போது முட்டை எண்ணிக்கையை மட்டும் கேட்டுவிட்டு வருவது நம் பழக்கம். அந்த இனத்தின் சுபாவத்தையும் பொரிப்பகத்தாரிடம் கேட்க வேண்டும்.

நாமக்கல் பண்ணையாளர்:
மூவருக்கும் நன்றி. அப்படியானால் முழுத் தொகுதியையும் மாற்றாமல், ஒரே பொரிப்பில் வந்த பிவி 300 குஞ்சுகளில் ஒரு பகுதியை மட்டும் முதல் நாளிலிருந்தே கூளத்தில் வளர்த்துப் பார்க்கிறேன். ஒப்பிடுவதற்கு அந்த மல்லாத்தும் சோதனையை நாங்களே செய்யலாமா?

கால்நடை மருத்துவர்:
செய்யலாம். இரு பகுதிகளிலிருந்தும் சம எண்ணிக்கையில், ஒரே வயதில், ஒரே ஆள் பிடித்துச் சோதியுங்கள். கூண்டுக் கோழிகளை ஒரே தட்டிலிருந்து எடுங்கள். பிடித்துத் தூக்கிவரும் விதமே முடிவை மாற்றிவிடும் என்பதால், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுவராதீர்கள்.