1/35 டி-55 டாங்க்: நம்ம ஊர் வெயில்ல பெயின்ட், தூசி, சேறு எப்படிப் பண்றது?

காட்பாடி_மாடலர் (கேள்வி)

வணக்கம். 1/35 அளவு (நிஜத்துல 35-ல ஒரு பங்கு) டி-55 டாங்க் பிளாஸ்டிக் மாடல் கிட் ஒட்டி முடிச்சாச்சு. ரோடு வீல் (தரையில உருளுற சக்கரம்), ட்ராக் (சங்கிலிப் பட்டை) மட்டும் இன்னும் மாட்டல. 1971 டிசம்பர் இந்தியா-பாகிஸ்தான் போர்ல, ஜம்மு பக்கத்து சம்ப் பகுதியில இருந்த நம்ம ராணுவ வண்டியா காட்டணும். நாலு விஷயம் தெரியணும்.

ஏர்பிரஷ்ல (காத்தால பெயின்ட் தெளிக்கிற கருவி) பச்சை அடிச்சா மேல்பரப்பு உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு வருது. அக்ரிலிக் பெயின்ட், 0.3 நாசில், 25 பிஎஸ்ஐ, பெயின்ட்டும் தின்னரும் சரிபாதி. மதியம் மாடி ரூம்ல அடிக்கிறேன். அடுத்து, தூசி காட்டுற நிறத்தூள் (பிக்மென்ட்) பாட்டில் விலை கட்டுப்படியாகல. பாலாத்து மணலோ செம்மண்ணோ போடலாமா? ட்ராக் வினைல் பட்டை, வச்சுப் பார்த்தா வீல் மேல படியாம விறைப்பா நிக்குது. கடைசியா, எனாமல் வாஷ் (பள்ளம், கோடுகள் தெரிய ஓட விடுற நீர்த்த பெயின்ட்) போட்டா பிளாஸ்டிக் விரிசல் விடும்னு சொல்றாங்களே, உண்மையா?

ராணிப்பேட்டை_35

தம்பி, பெயின்ட்ல குறை இல்ல. நாசிலை விட்டு வந்த துளி பிளாஸ்டிக்கைத் தொடுறதுக்கு முன்னாடியே காய்ஞ்சு தூளா ஒட்டுது. சித்திரை, வைகாசியில 40 டிகிரி தாண்டுற ஊர்ல மதியம் மாடி ரூம்ல அடிச்சா இப்படித்தான் வரும். காலையில ஏழு மணிக்குள்ள, இல்லாட்டி ராத்திரி, கீழ் வீட்டுல அடிங்க. ஜன்னல் திறந்திருக்கணும், ஃபேன் ஓடக்கூடாது, மாஸ்க் கட்டாயம்.

பெயின்ட் 2 பங்கு, அதே கம்பெனி தின்னர் 3 பங்கு. ரிட்டார்டர் (பெயின்ட் காயுறதைத் தாமதப்படுத்துற திரவம்) மொத்தக் கலவையில பத்துல ஒரு பங்குக்கு மேல வேணாம். கூடிப்போனா ரெண்டு நாள் கழிச்சும் விரல் ரேகை பதியும். பிரஷர் 15 பிஎஸ்ஐ, தூரம் 7-8 செ.மீ. அடிச்ச இடம் ஒரு நொடி ஈரமா மின்னி அப்புறம் மங்கணும். மின்னவே இல்லன்னா இன்னும் கிட்ட போங்க, வழிஞ்சா தள்ளி வாங்க.

இப்ப சொரசொரப்பா இருக்கிற இடத்தை ஒரு நாள் நல்லா காய விட்டு, 2000 நம்பர் வாட்டர் பேப்பர்ல லேசா தேய்ங்க. ரிவெட், வெல்டிங் கோடு பக்கம் அழுத்தாதீங்க. தேய்க்க போர் தண்ணி வேணாம். உப்புத் தண்ணி காய்ஞ்சதும் வெள்ளைத் திட்டு விடும். ஆர்.ஓ. தண்ணி, இல்ல பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் எடுத்துக்குங்க. ஹார்டுவேர் கடை என்.சி. தின்னர் ஏர்பிரஷ் கழுவ மட்டும்தான். மாடல் மேல பட்டா பிளாஸ்டிக்கையே கரைச்சிடும்.

இன்னொண்ணு. பச்சையை டப்பாவுல இருக்கிற மாதிரியே அடிக்காதீங்க. பத்து சொட்டுக்கு ஒரு சொட்டு பஃப் (வெளிர் மஞ்சள் பழுப்பு) கலந்துக்குங்க. 18 செ.மீ. நீள உடம்புல கரும்பச்சை கறுப்பாத்தான் தெரியும், மேல வாஷ் வேற இன்னும் இருட்டாக்கும்.

பாலாற்றங்கரை

செம்மண் வேணவே வேணாங்க. சம்ப், முனாவர் தவி ஆத்துப் பக்கம் இருக்கிற இடம். அங்க மலையடிவார ஆறு கொண்டு வந்த வண்டல், சாம்பல் கலந்த வெளிர் பழுப்பு. நம்ம பக்கத்துச் சிவப்பைப் பூசினா, மத்ததெல்லாம் எவ்வளவு சரியா இருந்தாலும் வண்டி நின்ன இடம் பொய்யாயிடும்.

பாலாத்து மணலையும் அப்படியே தூவக்கூடாது. அரை மி.மீ. மணல் துகள் 1/35 அளவுல 17.5 மி.மீ. ஜல்லி. தூசின்னு நினைச்சுத் தூவினது ஜல்லி கொட்டின டாங்கா நிக்கும். ஆனா அந்த மணலுக்குள்ள ஒட்டியிருக்கிற வண்டல் அருமையான சரக்கு. பிரிக்கிறது சுலபம். ஒரு பிடி மணலைக் கண்ணாடி டம்ளர்ல போட்டு, 10 செ.மீ. உயரத்துக்கு ஆர்.ஓ. தண்ணி ஊத்தி நல்லா கலக்கிட்டு ஒரு நிமிஷம் அசைக்காம விடுங்க. மணல் அடியில உக்காந்துடும். மேல கலங்கலா இருக்கிற தண்ணியை மட்டும் வேற பாத்திரத்துல ஊத்தி, ராத்திரி பூரா தெளிய விட்டு, தெளிஞ்ச தண்ணியை இறுத்துட்டு அடியில படிஞ்சதைக் காய வைங்க. ஒரு நிமிஷத்துல இறங்காம மிதக்கிற துகள் ஏறக்குறைய 0.05 மி.மீ.க்குக் கீழ இருக்கும், அந்த அளவு தூசிக்குப் பொருந்தும். காய்ஞ்ச பில்லையைக் கரண்டியால நசுக்கி வேட்டித் துணியில சலிச்சுக்குங்க. போர் தண்ணியில பண்ணினா உப்பும் கூடவே காய்ஞ்சு, பின்னால வெள்ளையாப் பூக்கும்.

நிறத்துக்கு சாஃப்ட் பாஸ்டல் குச்சியை உப்புத்தாள்ல தேய்ச்ச தூள் போதும். ஆயில் பாஸ்டல் ஆகாது, பிசுக்கும். வண்டல் 4 பங்கு, வெளிர் சாம்பல் 2, பழுப்பு 1 எடுத்து ஆரம்பிங்க. ஐஸ்கிரீம் கரண்டியில அதே பச்சையை அடிச்சு அது மேல போட்டுப் பாருங்க. ஈரத்துல கறுக்கும், காய்ஞ்சா நல்லாவே வெளுக்கும். காய்ஞ்சப்புறம் பார்த்துத்தான் முடிவு பண்ணணும்.

சேத்துக்கு இந்தத் தூள் 3 கரண்டி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் 1 கரண்டி. ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூணு பங்கு தண்ணி கலந்து, தோசை மாவை விடக் கொஞ்சம் கெட்டியா குழைங்க. வீல் உள்பக்கம், உடம்போட கீழ்ப்பக்கம், மட்கார்டு அடியில மட்டும் கெட்டியா. மேல போகப் போக வெறும் தூசி.

எங்க என்ன படியும்ங்கிறது வண்டியோட அமைப்பைப் பொறுத்தது, இதுதான் பலர் விடுற இடம். டி-55ல வலது மட்கார்டு மேல தட்டையான டீசல் டேங்குகள் இருக்கு. மூடியைச் சுத்தி டீசல் சிந்தி, அதுல தூசி ஒட்டி கறுத்த வட்டம் இருக்கணும், அதுலருந்து பக்கவாட்டுல ஒண்ணு ரெண்டு வழிசல். புகைபோக்கி இடது பக்கம் பின்னால. அந்த மட்கார்டுல கரி, குழாய்ல துரு. டிரைவர் ஏறி இறங்குறது இடது முன்பக்க மூடி. அதைச் சுத்திதான் பூட்ஸ் தேய்மானம், காய்ஞ்ச மண் தடம். இதையெல்லாம் ரெண்டு பக்கமும் ஒரே அளவா பண்ணினா உயிர் போயிடும். பெயின்ட் உதிர்ந்த தடத்தையும் அளவா வைங்க. சண்டைக்கு இறங்கின வண்டி, உடைசல் யார்டுல கிடந்தது இல்ல.

ஆம்பூர்_ஸ்டைரீன்

ட்ராக் விஷயம் நான் சொல்றேன். டி-55ல மேல தாங்குற ரோலர் கிடையாது. ட்ராக்கோட எடை நடு வீல்கள் மேலதான் உக்காரும், முன்னால ஐட்லருக்கும் (ட்ராக்கைத் திருப்புற சக்கரம்) பின்னால ஸ்ப்ராக்கெட்டுக்கும் (ட்ராக்கை இழுக்கிற பல்சக்கரம்) ஏறும். ட்ராக் மாட்டினப்புறம் 2, 3, 4-ஆவது வீல் மேல, உடம்பு பக்கவாட்டுல 0.8 மி.மீ. ஓட்டை போட்டு, தலை வெட்டின குண்டூசியை ட்ராக்கை அழுத்துற மாதிரி சொருகி ஃபெவிக்விக் ஒரு சொட்டு வைங்க. மட்கார்டு மறைச்சிடும். ஹெட்லைட் கண்ணாடி ஒட்டுறதுக்கு முன்னாடி இதை முடிச்சிடுங்க. ஃபெவிக்விக் ஆவி பட்டா கண்ணாடி பாகம் வெள்ளையா மூடிக்கும்.

ஓடுற வண்டியோட ட்ராக்குல ஆரஞ்சுத் துரு அடிக்காதீங்க. கரும்பழுப்பு அடிச்சு, மண் போட்டு, தரையில தேயுற மேடுகளையும் உள்பக்கம் வீலுக்கு நடுவுல ஓடுற பல்லையும் பென்சில் கிராஃபைட்டால தேய்ங்க.

வாஷ்ல விரிசல் விடுறது உண்மைதான். இறுக்கமா அழுத்திச் சொருகின இடத்துல பிளாஸ்டிக் ஏற்கெனவே இழுபட்டு நிக்கும். தின்னர் அங்க ஊறினா பட்டுனு விடும், முக்கியமா வீல் மாட்டுற ஆக்சில் முனை. வீல் மாட்டும்போதே முனையை உப்புத்தாள்ல தேய்ச்சு, தானா நுழையுற அளவுக்குத் தளர்த்திட்டு பசை வைங்க. வாஷ் போடுறதுக்கு முன்னால பளபளப்பு வார்னிஷ் (கிளாஸ் கோட்) ரெண்டு தடவை. வாஷை நுனி பிரஷ்ல கோட்டோரமா மட்டும் தொட்டு வைக்கணும், குளம் கட்டக்கூடாது.

காட்பாடி_மாடலர்

நன்றிங்கண்ணா. தூசியெல்லாம் போட்டு முடிச்சு மேல மேட் (பளபளப்பு இல்லாத) வார்னிஷ் அடிக்கலாமா?

ராணிப்பேட்டை_35

அடிக்கலாம். கைபடாம வைக்க முடியாத வீடுன்னா அடிச்சே ஆகணும்.

பாலாற்றங்கரை

எனக்கு அதுல உடன்பாடு இல்லீங்க. வார்னிஷ் பட்டா மெல்லிய தூசிப் படலம் பாதி மறைஞ்சிடும், மீதி கறுக்கும். மேட் வார்னிஷை வாஷ் காய்ஞ்சதும் அடிச்சிட்டு, அதுக்கு மேல தூசியை வைங்க. மெடிக்கல் ஷாப்புல ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்கி, பிரஷ் நுனியில எடுத்து தூள் ஓரத்துல தொட்டா தானா உறிஞ்சிக்கும். ஆல்கஹாலை மட்டும் நம்பினா தூள் தொட்டதும் உதிரும், அதனால ஆல்கஹால்ல ஒரு சொட்டு மேட் வார்னிஷ் கலந்துக்குங்க. வார்னிஷ் ஆல்கஹால்ல திரியுதான்னு முதல்ல கரண்டியில பார்த்துடுங்க.

ஆம்பூர்_ஸ்டைரீன்

வினைல் ட்ராக் வீலைத் தொடுற இடத்துல ரெண்டு பக்கமும் பெயின்ட்டோ வார்னிஷோ இல்லாம விடாதீங்க. வினைல்ல இருக்கிற எண்ணெய்ப் பசை நாளாவட்டத்துல வெறும் ஸ்டைரீனை (கிட்டோட பிளாஸ்டிக்) இளக்கி வீலை அரிச்சிடும், சூட்டுல இன்னும் சீக்கிரம். மாடி ரூம் பீரோ வேணாம், கீழ வைங்க.