மறுமொழி: சர்வீஸ் எக்ஸலன்ஸ் – ‘சேவைநேர்த்தி’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

மருத்துவமனை ஊழியர்களுக்கான பயிற்சிக் கையேட்டில் ‘சர்வீஸ் எக்ஸலன்ஸ்’ (சேவையைக் குறையில்லாமல் செய்வது) வரும் இடங்களுக்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தீர்கள். வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்தேன். என் பரிந்துரை ‘சேவைநேர்த்தி’. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

> ‘சேவைச் சிறப்பு’ போதுமே ஐயா, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும் என்பதுதான் என் கவலை. சிறப்புப் பேருந்து, சிறப்பு ரயில், சிறப்பு தரிசனம் என்று வழங்கி வழங்கி, ‘வழக்கத்துக்கு மேல் தனியாக’ என்ற பொருள் அதில் ஊறிவிட்டது. சிறப்பு தரிசனம் என்றால் கட்டணம் கட்டியவருக்குத் தனி வரிசை. வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணிடம் ‘சேவைச் சிறப்பு’ என்றால், யாரோ சிலரைத் தனியாகக் கவனிக்கச் சொல்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வார். வருகிற எல்லோருக்கும் ஒரே கவனிப்பு என்றல்லவா கையேடு சொல்ல வருகிறது?

‘மேன்மை’ என்றதும் ‘மேன்மைதங்கிய’ ஆளுநர்தான் நினைவுக்கு வருகிறார். பதவியின் உயரம் முன்னால் வந்து நிற்கிறது. ‘உன்னதம்’ கலைக்கும் பக்திக்கும் சரி, ஊசி போடும் அறைக்கு ஒட்டவில்லை. ‘தரம்’ ஏற்கெனவே ‘குவாலிட்டி’க்கு நிலைத்துவிட்டது, அதை அங்கேயே விட்டுவிடுவோம்.

> நேர்த்தி என்பது வெறும் வெளித்தோற்றம் அல்லவா?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு எழுத உட்கார்ந்தேன். தைத்து வந்த ரவிக்கையை என் அம்மா முதலில் உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பார். ஓரம் அடித்திருக்கிறதா, நூல் பிரிந்து தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு, “வேலை நேர்த்தியா இருக்கு” என்றால் அடுத்த துணியும் அதே தையற்காரரிடம் போகும். யார் கண்ணிலும் படாத உள்தையலுக்குத்தான் அவர் அந்தச் சொல்லை வைத்திருந்தார்.

அப்புறம், வேளாண்மைத் துறை. ‘விதைநேர்த்தி’ அங்கே நன்றாக வேர்விட்ட கலைச்சொல். ஒரு கிலோ நெல் விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (பயிர்நோயைத் தடுக்கும் நுண்ணுயிர்) கலந்து விதைப்பதை எந்த விவசாயியிடமும் இந்தச் சொல்லாலேயே சொல்லலாம். இதில் நேர்த்தி என்பது விளைச்சலைக் குறிக்கவில்லை, விதைக்கும் முன்னால் செய்கிற வேலையைக் குறிக்கிறது. ‘எக்ஸலன்ஸ்’ ஒரு நிலையை மட்டும் சொல்கிறது. அதை நோக்கி உழைப்பதைச் சொல்ல ஆங்கிலத்துக்கு இன்னொரு சொல் வேண்டியிருக்கிறது. நம் ‘நேர்த்தி’ செயலையும் அதன் பலனையும் சேர்த்தே சுமக்கிறது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நினைத்துப் பாருங்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், 1976இல், 11 படுக்கைகளோடு தொடங்கியது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன மனிதர், அந்த விரல்களைப் பழக்கி அறுவை சிகிச்சை செய்தார். அறுவை அரங்கில் மருத்துவருக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசைகள். ஒன்றில் சிகிச்சை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்தவரைத் தயார்செய்து வைக்கிறார்கள், கிராமங்களிலிருந்து வந்து இரண்டு ஆண்டு பயிற்சி பெற்ற பெண்கள். முதல் கண்ணை முடித்த மருத்துவர் நுண்ணோக்கியை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். 1992இல் ஆரோலேப் என்ற சொந்தத் தயாரிப்புக்கூடத்தைத் தொடங்கி, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மிகக் குறைந்த விலையில் தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். இலவசப் பிரிவிலும் கட்டணப் பிரிவிலும் அதே மருத்துவர்கள்தான் மாறி மாறிப் பணி செய்கிறார்கள். அறையும் கட்டிலும் வேறுபடலாம், கண்ணில் கை வைப்பவர் வேறுபடுவதில்லை. இதற்கு ‘சிறப்பு’ என்ற சொல் எனக்குப் போதவில்லை. மருத்துவர் வருமுன் அந்தப் பெண்கள் செய்து வைக்கும் வேலையைத்தான் நேர்த்தி என்பேன். விதைநேர்த்தியில் உள்ள அதே நேர்த்தி.

> ‘சேவை’ வடசொல். ‘தொண்டுநேர்த்தி’ எனலாமே?

தொண்டு எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் கூலி எதிர்பாராமல் செய்வது என்ற பொருள் அதில் அழுத்தமாக இருக்கிறது. சம்பளம் வாங்கும் ஊழியரிடம் தொண்டு என்றால், கூடுதல் நேரத்துக்குப் பணம் கேட்காதே என்பதுபோல ஒலிக்கும். அது அவர்களுக்கு நியாயமில்லை. ‘பணிநேர்த்தி’ கைவினையின் செய்திறனுக்கு இருக்கட்டும். இ-சேவை மையம் வரை மக்கள் நாவில் புழங்கும் ‘சேவை’யையே இங்கே வைத்துக்கொள்ளலாம்.

சொற்றொடரில் வைத்துப் பார்த்தேன். ‘சேவைநேர்த்திப் பயிற்சி’, ‘சேவைநேர்த்தி விருது’ இரண்டும் இயல்பாக வருகின்றன. ‘இந்தப் பிரிவின் சேவை நேர்த்தியாக இருக்கிறது’ என்று பிரித்தும் சொல்லலாம். ‘சென்டர் ஆஃப் எக்ஸலன்ஸ்’ (ஒரு துறையில் முன்னோடியாக விளங்கும் மையம்) என்பதற்கு ‘நேர்த்தி மையம்’ பொருந்தாது. விதை வாங்கும் இடம் என்று நினைத்துவிடுவார்கள். அதற்குத் தனியே வேறு சொல் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு தயக்கம் உண்டு. இலங்கையில் ‘நேர்த்தி வைத்தேன்’ என்றால் கோயிலுக்கு வேண்டிக்கொண்டேன் என்று பொருள். நம் நேர்த்திக்கடனும் அதே வழிதான். சொன்ன சொல்லைக் கடனாக எண்ணி முடிப்பது என்ற அந்தப் பொருள் எனக்கு இடைஞ்சலாகப் படவில்லை, கூடுதல் வலுவாகவே படுகிறது. ஆனாலும் யாழ்ப்பாணத்து, மட்டக்களப்பு நண்பர்கள் ‘சேவைநேர்த்தி’யை முதல்முறை கேட்கும்போது வழிபாடுதான் மனதில் வருகிறதா என்று சொன்னால் நல்லது. வருகிறது என்றால் ‘சேவைச்செம்மை’யை அடுத்ததாக எடுத்துப் பேசலாம்.

அன்புடன்