மேக் சல்ஃப் கொடுத்த பிறகு முதலில் போவது எது?

கேள்வி (மெடிக்கல் வார்டு பொண்ணு):
அக்கா, அண்ணா எல்லோருக்கும் வணக்கம். துபாயில் நர்ஸ் வேலைக்கான டிஎச்ஏ உரிமத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். லேபர் வார்டு பக்கம் போய் வருடக்கணக்காகிறது. பிபி ஏறிய கர்ப்பிணிகளுக்கு வலிப்புக்காகக் கொடுக்கும் மெக்னீசியம் சல்ஃபேட் (மேக் சல்ஃப்) உடம்பில் அதிகமானால் முதலில் தெரிவது எது? மூச்சு குறைவது, முழங்கால் ரிஃப்ளெக்ஸ் (தட்டினால் கால் உதறுவது) போவது, சிறுநீர் குறைவது, உடம்பு எரிவது என்று நான்கு ஆப்ஷன். ஒரு கைடில் மூச்சு, இன்னொன்றில் முழங்கால் என்று இருக்கிறது. எதைப் போடுவது?

பதில் (நைட் ட்யூட்டி):
முழங்கால். யோசிக்காமல் போடுங்க. இது அதிகமானால் முறிக்கும் மருந்து கால்சியம் குளுக்கோனேட், அதையும் கேட்பான்.

பதில் (பிரசவ வார்டு அக்கா):
விடை சரிதான். ஆனால் வெறும் மனப்பாடம் என்றால், கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டாலே தடுமாறுவாய் தங்கச்சி.

வலிப்பை அடக்க ரத்தத்தில் லிட்டருக்கு 4 முதல் 7 மில்லிஈக்குவிவலன்ட் மெக்னீசியம் வேண்டும். 10ஐ நெருங்கும்போது முழங்கால் அடங்கிவிடும். அதற்கும் மேலே ஏறினால்தான் மூச்சு படுக்கும். 25ஐத் தாண்டினால் இதயமே நின்றுவிடும். மூச்சு குறையட்டும் என்று காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும். அதனால்தான் ஒவ்வொரு டோஸுக்கும் முன்னால் சுத்தியலைத் தேடி ஓடுகிறோம். (வார்டில் சுத்தியல் கண்ணில் பட்டால் அது நல்ல நாள். இல்லையென்றால் கை ஓரத்தால்தான் தட்டுவோம்.)

சிறுநீர் குறைவது அறிகுறி இல்லை, காரணம். இந்த மருந்து கிட்னி வழியாகத்தான் வெளியேற வேண்டும். மணிக்கு 30 மில்லிக்குக் கீழே போனால் உள்ளேயே தேங்கும். யூரோபேக்கை (சிறுநீர்ப் பை) பார்க்காமல் அடுத்த ஊசியை எடுக்காதே.

உடம்பு எரிவது லோடிங் டோஸில் (முதலில் கொடுக்கும் பெரிய டோஸ்) சகஜம். “சிஸ்டர், தீயா எரியுது” என்று பதறுவார்கள். முன்பே சொல்லி வைத்துவிட்டால் பயப்பட மாட்டார்கள்.

கணக்கும் வரும். நம்மூர் ஆம்பூல் 2 மில்லி, 50 சதவீதம், அதாவது 1 கிராம். பிரிட்சார்டு முறையில் 4 ஆம்பூல் 8 மில்லி, அதோடு 12 மில்லி டிஸ்டில்ட் வாட்டர், ஐவியில் (ரத்தக்குழாய் வழியாக) மெதுவாக. அப்புறம் இரண்டு பிட்டத்திலும் 5 கிராம் வீதம் ஆழமாக. ஆக, லோடிங் 14 கிராம். பிறகு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம், பக்கம் மாற்றி மாற்றி. பிரசவம், கடைசி வலிப்பு இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து 24 மணி நேரம் வரை.

பிபியைக் குறைக்க இதைக் கொடுப்பதாக ஆப்ஷன் இருந்தால் தொடாதே. அதற்கு லேபெட்டலால், நிஃபெடிபின் இருக்கிறது.

மெடிக்கல் வார்டு பொண்ணு:
ரொம்ப நன்றி அக்கா. அடுத்த டோஸ் கொடுக்க நிமிடத்துக்குக் குறைந்தது எத்தனை மூச்சு இருக்க வேண்டும், 12ஆ, 16ஆ?

பிரசவ வார்டு அக்கா:
உலக சுகாதார நிறுவனம் 16 என்கிறது, அமெரிக்கப் புத்தகங்களில் 12. நீ படிக்கிற கைடு எதைப் பின்பற்றுகிறது என்று பார்த்துக்கொள். கேள்வியில் மூச்சு 8 என்று வந்தால் சந்தேகமே வேண்டாம்: மருந்தை நிறுத்து, ஆக்சிஜன் வை, டாக்டரைக் கூப்பிடு, 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி மெதுவாக ஐவியில்.

நைட் ட்யூட்டி:
எபிட்யூரல் (பிரசவ வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் மருந்து) போட்டிருந்தால் முழங்காலைத் தட்டிப் பயனில்லையே அக்கா?

பிரசவ வார்டு அக்கா:
நல்ல கேள்வி தம்பி. முழங்கையில் பைசெப்ஸைத் தட்டு.