கையில் கிடைத்ததை வைத்து அமானுஷ்ய மேஜிக்: செய்தவர்கள், பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கறுப்புத் துணி, மண்டையோடு, மெழுகுவத்தி எதுவும் இல்லாமல், மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நாலு பேருக்குப் புல்லரிக்க வைக்க முடியுமா? முடியும். ஆனால் நடக்கிற விஷயம் என் கையில் நடக்கக் கூடாது, பார்க்கிறவர் கையில் நடக்க வேண்டும். என் கையில் நாணயம் மறைந்தால் ‘நல்லா பழகியிருக்கான்’ என்பார்கள், அவ்வளவுதான். தன் கைக்குள்ளேயே ஏதோ ஆகிவிட்டால் யாருக்கும் பேச்சு வராது.

இந்த வகையில் நான் உயிராக நினைப்பது பெண்டுலம். ஒரு மோதிரம், ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தையல் நூல். வேறு எதுவும் வேண்டாம்.

ஒரு முறை உறவினர்கள் கூடியிருந்த இடத்தில் அத்தையிடம் மோதிரத்தைக் கேட்டு வாங்கி நூலில் கட்டினேன். ஐந்து கோப்பைகளைக் கவிழ்த்து வரிசையாக வைத்துவிட்டு, ஏதாவது ஒன்றின் அடியில் ஒரு சட்டைப் பொத்தானை ஒளித்து வைக்கச் சொல்லி அறையை விட்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்து, “எதுன்னு சொல்லாதீங்க அத்தை. நூலை மட்டும் பிடிங்க, கையை ஆட்டாதீங்க. மோதிரம் எது மேல வட்டம் போடுதோ அதுக்கு அடியில இருக்குன்னு வெச்சுக்குவோம்” என்றேன்.

முதல் கோப்பைக்கு மேல் மோதிரம் லேசாக முன்னும் பின்னும் ஆடியது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அப்படியே. நான்காவதற்கு வந்ததும் ஆட்டம் கொஞ்சம் கோணியது. கோணல் நீள்வட்டமானது, நீள்வட்டம் மெல்லப் பருத்து முழு வட்டமாகச் சுழல ஆரம்பித்தது. அத்தையின் விரல் அசையவே இல்லை, குறைந்தபட்சம் அங்கே இருந்த யார் கண்ணுக்கும் அசையவில்லை. “நான் ஆட்டலடா… சத்தியமா நான் ஆட்டல” என்றார். கோப்பையைத் தூக்கினால் பொத்தான் இருந்தது. அவர் மகள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டாள்.

இதில் மறைக்க வேண்டிய ரகசியம் ஒன்றும் இல்லை, அதனால் தாராளமாகச் சொல்கிறேன். பொத்தான் எங்கே என்று எனக்குத் தெரியாது, அத்தைக்குத் தெரியும். எதிர்பார்ப்பு மனதில் இருந்தாலே போதும், தசைகள் நமக்கே தெரியாமல் இம்மியளவு அசையும். நூல் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. மிஷேல் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இதைத் தன் மேலேயே சோதித்துப் பார்த்து, 1833-ல் இயற்பியலாளர் ஆம்பியருக்குக் கடிதமாக எழுதி வெளியிட்டார். கைக்கு முட்டுக்கொடுக்கக் கொடுக்க ஆட்டம் குறைந்தது, கண்ணைக் கட்டியதும் அடங்கிவிட்டது என்பது அவர் கண்டது. 1852-ல் வில்லியம் கார்பென்டர் என்ற ஆங்கிலேய உடலியலாளர், எண்ணமே தசையை அசைக்கும் இந்த விளைவுக்கு ‘ஐடியோமோட்டார்’ என்று பெயர் வைத்தார்.

நமக்கு வேண்டிய பாடம் அந்தச் சோதனையிலேயே இருக்கிறது. மணிக்கட்டை எதன் மீதும் சாய்க்க விடாதீர்கள். கண்ணை மோதிரத்தை விட்டு எடுக்க விடாதீர்கள். சிலர் கையில் மோதிரம் அசையாமல் தொங்கும். அப்போது நூலைப் பக்கத்தில் இருப்பவரிடம் மாற்றுங்கள், ஆனால் அவருக்கும் பொத்தான் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம், வட்டம் தொடங்கிய பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். ‘பாருங்க, பாருங்க’ என்று நாம் ஆர்ப்பாட்டம் செய்தால் அந்தச் சிலிர்ப்பு போய்விடும். ஆவி, சக்தி என்றெல்லாம் நான் சொல்வதே இல்லை. அத்தை “நான் ஆட்டல” என்று சொல்வதை விடப் பயமான வசனம் எனக்கு எழுத வராது.

உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள். செய்தவர்கள் மட்டுமல்ல, பார்த்து உறைந்து நின்றவர்களும்.

*

பெண்டுலம் பற்றிப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான் வருஷக்கணக்காகச் செய்வது சாம்பல். எரித்த காகிதத்தின் சாம்பல், மூடிய கைக்குள்ளே பார்வையாளரின் உள்ளங்கையில் வந்து ஒட்டியிருக்கும். பழைய வித்தைதான். செய்முறையை இங்கே சொல்ல மாட்டேன், முறையாகக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியரிடம் கேட்டுப் பழகுங்கள். சொல்ல வந்தது வேறு.

இதில் கைவேலை வெகு சீக்கிரம் படிந்துவிடும். கடினம் காத்திருப்பதுதான். அவர் கையை மூடிய பிறகு உடனே திறக்கச் சொல்லாதீர்கள். பேச்சை வேறு எங்காவது கொண்டுபோங்கள். மூடிய கை மூடியபடியே இருக்கட்டும். கொஞ்ச நேரத்தில் அவரே குனிந்து தன் கையைப் பார்ப்பார். அந்த நொடி வரும்வரை பொறுத்திருக்கிறவருக்குத்தான் இந்த வித்தை வசப்படும்.

சிகாகோவில் இருந்த மேஜிக் கலைஞர் யூஜின் பர்கர் (1939–2017) இந்தப் பொறுமையில் பெரிய ஆள். ஒரு சாதாரணப் பருத்தி நூலைத் துண்டு துண்டாக்கி, மறுபடி முழு நூலாக்கிக் காட்டும்போது பிரம்மா, விஷ்ணு, சிவன் கதையைச் சொல்வார். படைப்பு, காப்பு, அழிப்பு, திரும்பப் படைப்பு. நமக்குப் பழகிய கதைதான், ஆனால் அந்தக் கனத்த குரலில், ஒரு முழம் நூலில் அதைக் கேட்கும்போது உலகம் ஒரு முறை அழிந்து வந்த மாதிரி இருக்கும். 1970-களில் டோனி ஆண்ட்ரூட்ஸி, சார்லஸ் கேமரன் போன்றவர்கள் வளர்த்த ‘பிசார் மேஜிக்’ என்ற கிளையில் சடங்கும் பழைய பொருள்களும் நிறைய. எனக்கு பர்கரின் வழிதான் பிடித்தது, ஏனென்றால் நூல் எங்கேயும் கிடைக்கும்.

இனி, மறக்க முடியாத ஒன்று. சாம்பலைப் பார்த்த ஒரு நடுத்தர வயதுக்காரர் எல்லோரும் கலைந்த பிறகு என்னிடம் வந்து, தணிந்த குரலில், “சார், எங்கப்பா போய்க் கொஞ்ச நாள்தான் ஆச்சு. அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும், முடியுமா?” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. “இது வித்தைங்க, எனக்கு அப்படி எந்தச் சக்தியும் கிடையாது” என்று நேராகச் சொன்னேன். அப்புறம் அவர் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், உட்கார்ந்து கேட்டேன். அதற்கு எந்த வித்தையும் தேவைப்படவில்லை.

அப்படிக் கேட்பவருக்கு ‘ஆமாம்’ சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு ஃபாக்ஸ் சகோதரிகள் சாட்சி. 1848-ல் நியூயார்க் மாநிலத்தின் ஹைட்ஸ்வில்லில், சுவரிலும் தரையிலும் கேட்ட தட்டல் ஒலிகளை ஆவியின் பதில் என்று நம்பவைத்தார்கள். அதிலிருந்து ஆவியுலக இயக்கமே வளர்ந்தது. 40 வருடம் கழித்து, 1888-ல், மார்கரெட் ஃபாக்ஸ் நியூயார்க் மேடையில் ஏறி, அது கால்விரல் மூட்டில் எழுப்பிய சத்தம் என்று செய்தே காட்டினார். இடைப்பட்ட காலத்தில் எத்தனை பேர் தங்கள் செத்த பிள்ளையிடம் பேசியதாக நினைத்து அழுதிருப்பார்கள்! பயமுறுத்தலாம், திகைக்க வைக்கலாம். துக்கத்தில் இருப்பவரின் இறந்தவரை மட்டும் நம் வித்தைக்குள் இழுக்கக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

*

நான் மேஜிக் செய்பவன் இல்லை, பார்த்தவன்.

ஒரு நண்பர் என்னைக் கதவு நிலைக்கு நடுவே நிறுத்தி, இரண்டு கையின் புறங்கையாலும் நிலையை வெளிப்பக்கமாக அழுத்தச் சொன்னார். அரை நிமிடம், ஒரு நிமிடம். பிறகு, “முன்னால வாடா, கையைத் தளர விடு. உனக்குப் பின்னால யாரோ நின்னு தூக்குற மாதிரி இருக்கும், தடுக்காதே” என்றார். இரண்டு கையும் தானாக எழும்பின. நான் தூக்கவில்லை. யாரோ முழங்கைக்கு அடியில் விரல் வைத்துத் தூக்குவது போலவே இருந்தது. திரும்பிப் பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை.

1915-ல் ஆஸ்கர் கோன்ஸ்டாம் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்த தசை விளைவு இது, அழுத்தம் விட்ட பிறகும் தசை கொஞ்ச நேரம் சுருங்கிக்கொண்டே இருக்கும் என்று நண்பர் அப்புறம் விளக்கினார். விளக்கம் கேட்டபிறகு மறுபடி செய்து பார்த்தேன். கை அதே மாதிரி எழும்பியது, அதே மாதிரி கழுத்துப் பின்னால் சிலிர்த்தது.

முதல் பதிவில் சொன்னது போல அவர் பேயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ‘யாரோ நின்னு’ என்ற இரண்டே சொல். மிச்சத்தை என் தலை பார்த்துக்கொண்டது. தோள்வலி உள்ளவர்களுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள், அழுத்தும்போது வலி கூடும். அவர்களுக்கு மோதிரமும் நூலும் போதும்.