மகளிர் நல முகாமுக்குக் கூட்டம் வருகிறது, பரிசோதனைக்கு மட்டும் யாரும் வருவதில்லை. என்ன செய்யலாம்?

கேள்வி (தன்னார்வலர்):

வணக்கம். ஒரு வருடமாக மகளிர் நலத் திட்டம் ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறேன். கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை, இரத்தசோகைப் பரிசோதனை, அப்புறம் வீட்டில் அடி உதை வாங்கும் பெண்களுக்கு ஆலோசனை, மூன்றும் ஒரே கூடத்தில் இலவசமாகக் கிடைக்கும். கூட்டம் போட்டால் நாற்காலி எல்லாம் நிறைந்துவிடுகிறது, பேச்சை முழுதும் கேட்கிறார்கள், துண்டுப்பிரசுரம் வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் "பரிசோதனை இங்கேயே இருக்கிறது, வாங்க" என்று கூப்பிட்டதும் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுகிறார்கள். போன முறை வந்தவர்கள் 80 பேர், பரிசோதனை செய்துகொண்டவர்கள் 6 பேர். ஆலோசனை மேசைப் பக்கம் ஒருவர்கூட வரவில்லை.

"பெண்களுக்கே அக்கறை இல்லை, நாம் என்ன செய்ய முடியும்" என்கிறார்கள் குழுவில் சிலர். என்னால் அதை ஏற்க முடியவில்லை. என் அத்தை மாதக்கணக்கில் இரத்தப்போக்கை மறைத்து வைத்திருந்தவர், கடைசியில் நோய் முற்றிய பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அவருக்கு அக்கறை இல்லாமல் இல்லை, வாய்விட்டுச் சொல்ல ஓர் ஆள் இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், நாங்கள் எங்கே தவறு செய்கிறோம்?

பதில் (செவிலியர்):

80 பேர் வந்து உட்கார்ந்து கேட்கிறார்கள் என்றால் அக்கறை இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள்.

புற்றுநோய் எவ்வளவு கொடியது என்று மேடையில் அரை மணி நேரம் பேசியிருப்பீர்கள். அந்த அறைக்குள் போனால் என்ன நடக்கும் என்று சொன்னீர்களா? எந்த உடையைக் கழற்ற வேண்டும், வலிக்குமா, பரிசோதிப்பவர் ஆணா பெண்ணா, எத்தனை நிமிடம், முடிவை யாரிடம் சொல்வார்கள், இதெல்லாம் தெரியாமல் எந்தப் பெண்ணும் எழுந்து வரமாட்டாள், நானும் வரமாட்டேன்.

எச்பிவி பரிசோதனை (கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் தொற்று இருக்கிறதா என்று பார்ப்பது) உங்களிடம் இருந்தால், பிறப்புறுப்பிலிருந்து மாதிரியைப் பெண்களே எடுத்துக்கொள்ளலாம். மென்மையான குச்சி ஒன்றைக் கொடுத்தால் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்து வந்துவிடலாம், படுக்கவும் வேண்டாம், வேறு யாரும் தொடவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனமே இந்த முறையை ஏற்கிறது. பொதுவாக 30 வயதில் தொடங்கி 5 முதல் 10 வருடத்துக்கு ஒரு முறை செய்தால் போதும் என்கிறது (எச்ஐவி உள்ள பெண்களுக்கு மட்டும் 25 வயதிலிருந்தே, இன்னும் குறைந்த இடைவெளியில்). முடிவு பாசிட்டிவ் என்று வந்தால் புற்றுநோய் வந்துவிட்டது என்று பொருள் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெரும்பாலான தொற்று தானாகவே போய்விடும். போகாமல் தங்கினாலும் புற்றுநோயாக மாற வழக்கமாக 15, 20 வருடம் பிடிக்கும், அதற்குள் பிடித்தால் சின்னச் சிகிச்சையோடு முடிந்துவிடும்.

ஆனால் இரத்தப்போக்கு மாதிரி அறிகுறியோடு ஒருவர் வந்தால் குச்சியைக் கொடுத்து அனுப்பாதீர்கள், அவரை நேராக மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

பதில் (குடும்ப வன்முறை ஆலோசகர்):

உங்கள் கூடத்தை ஒரு நிமிடம் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். நாத்தனார் மூன்றாவது வரிசையில், பக்கத்து வீட்டுக்காரர் அவருக்குப் பின்னால். இவ்வளவு பேர் முன்னால் "வன்முறை ஆலோசனை" என்று பலகை வைத்த மேசைக்கு நடந்து வர யாருக்குத் துணிவு வரும்? வந்தால் அன்று ராத்திரியே வீட்டில் செய்தி போய்விடும். முதலில் அந்தப் பலகையை எடுங்கள். இரத்தம் எடுக்கும் அறைக்குள்ளேயே ஆலோசகரை உட்கார வையுங்கள், வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவள் இரத்தசோகைக்காகப் போகிறாள், அவ்வளவுதான்.

கணவரோ மாமியாரோ பிள்ளையோ கூட நிற்கும்போது இதைப் பற்றி வாயே திறக்காதீர்கள். மொழி தெரியாத பெண் என்றால் உறவினரை வைத்து மொழிபெயர்க்கவும் கூடாது. எல்லாரிடமும் படிவத்தில் கேட்டு எழுதி வாங்கலாமா என்று சிலர் கேட்பார்கள், அது வேண்டாம். காயம், தூக்கமின்மை, திரும்பத் திரும்ப வரும் வலி என்று ஏதாவது தென்பட்டால் தனிமையில் மெதுவாகக் கேளுங்கள். சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள், "உன் மேல் தப்பில்லை" என்று சொல்லுங்கள், இன்றைக்கு வீட்டுக்குப் போவது பாதுகாப்பா என்று விசாரியுங்கள். "அவனை விட்டு வந்துவிடு" என்று மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். பிரிந்து வரும் நேரம்தான் பல பெண்களுக்கு ஆபத்து மிக அதிகம், அதற்குத் திட்டம் வேண்டும். அப்புறம் உங்கள் துண்டுப்பிரசுரம், அது கைப்பையில் அகப்பட்டால் அதற்கே அடி விழும். தொலைபேசி எண்ணை மட்டும் சின்னச் சீட்டில் கொடுங்கள், நீங்கள் அவளைக் கூப்பிடுவதாக இருந்தால் எந்த நேரம் பத்திரம் என்று கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள்.

பதில் (இரண்டு பிள்ளைகளின் அப்பா):

ஆண்களை ஏன் விட்டுவிட்டீர்கள்? என் மனைவி பரிசோதனையை இரண்டு வருடம் தள்ளிப்போட்டாள். காரணம் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டபோதுதான் "பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்" என்றாள். எனக்கு அன்று வெட்கமாக இருந்தது. அடுத்த வாரமே விடுப்பு போட்டு நான் வீட்டில் இருந்தேன், அவள் போய் வந்தாள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், வேலை முடிந்த பிறகு சாயங்கால நேரம், இந்த இரண்டையும் செய்து பாருங்கள்.

வன்முறை விஷயத்திலும் அப்படித்தான். உகாண்டாவின் கம்பாலாவில் 'சாசா' என்று ஒரு திட்டம், அக்கம்பக்கத்து ஆண்களையும் பெண்களையும் சேர்த்தே உட்கார வைத்து, வீட்டில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று வருடக்கணக்கில் பேச வைத்தார்கள். 2014இல் வெளியான ஆய்வில், கடந்த ஒரு வருடத்தில் துணைவரால் உடல்ரீதியாகத் தாக்கப்பட்டதாகச் சொன்ன பெண்களின் விகிதம், திட்டம் நடந்த இடங்களில் மற்ற இடங்களைவிட 52 சதவீதம் குறைவாக இருந்தது.

பதில் (ஆலோசகர் மறுபடியும்):

ஆண்களோடு பேசுவது சரி, ஆனால் அதைத் தனி நாளில் வையுங்கள். பரிசோதனை நாளில் வாசலில் கணவர்கள் காத்திருந்தால் உள்ளே எந்தப் பெண்ணும் எதுவும் சொல்லமாட்டாள்.

கேள்வி கேட்டவர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பலகையை இன்றே எடுக்கச் சொல்லிவிட்டேன். அடுத்த முகாம் சாயங்காலம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள். செவிலியர் அக்கா, ஒன்று மட்டும் கேட்கிறேன். சிகிச்சைக்கு அனுப்பும் மருத்துவமனையில் இன்னும் எதுவும் உறுதியாகவில்லை. குச்சியை இப்போதே கொடுக்க ஆரம்பிக்கலாமா?

பதில் (செவிலியர்):

வேண்டாம்மா, ஒரு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. பாசிட்டிவ் என்று சொல்லிவிட்டு எங்கே போவது என்று சொல்லாவிட்டால் அந்தப் பெண் ராத்திரி தூங்கமாட்டாள், அடுத்த முறை பக்கத்து வீட்டுக்காரியையும் வரவிடமாட்டாள். 2030க்குள் எட்ட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வைத்த இலக்கிலேயே 70 சதவீதப் பெண்களுக்குப் பரிசோதனை என்பதோடு, நோய் கண்டவர்களில் 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை என்பதும் சேர்ந்தேதான் இருக்கிறது. மருத்துவமனையில் யாரைப் பார்க்க வேண்டும், எந்தக் கிழமை, யார் கூடப் போவது, இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். அதுவரைக்கும் இரத்தசோகைப் பரிசோதனையைத் தாராளமாக நடத்துங்கள், இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கையிருப்பில் இருக்கட்டும்.